பொரிக்குப் போட்ட படுக்கை

கள்ளக்குறிச்சி,
ஐப்பசி 9.

அன்புள்ள கமலாவுக்கு,

பெருமாயி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, பொரி எல்லோரும் சுகம். ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று உன் அப்பா தினமும் என்னைத்தான் கேட்கிறார், ஏதோ நான்தான் கடலூரில் இருப்பது போல.

உன் கடிதங்களுக்கு எப்போதும் அவர்தான் பதில் போடுவார். இந்த மழையில் மலைப்பாதையில் ஜீப் ஓட்டிவிட்டு வந்தால் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறார். அதனால் நான் எழுதுகிறேன். அதுவுமில்லாமல் உன் முயல் கூண்டில் உன்னைக் கேட்காமல் கை வைத்துவிட்டேன். அதை நானே சொல்வதுதான் முறை.

போன வாரம் கூண்டைக் கழுவப் போனபோது, பொரி பின்கால்களை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மடியில் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. புழுக்கை கீழே விழட்டும் என்று உன் அப்பா அடியில் கம்பி வலை அடித்தார் அல்லவா, அதுதான் அறுத்திருக்கிறது. அவரிடம் காட்டினேன். "காட்ல முள்ளு மேல ஓடுற ஜாதி, கம்பி இன்னா பண்ணிடும்?" என்றார். காட்டில் அது மண்ணில் ஓடுகிறது, ராத்திரியும் பகலும் கம்பியில் நிற்பதில்லை என்று நான் சொன்னேன். மறுநாள் ஜீப்பை எடுக்குமுன் எங்கள் இரண்டு பேரையும் மாட்டாஸ்பத்திரியில் இறக்கிவிட்டார்.

டாக்டர் களிம்பு கொடுத்தார். நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போல முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாதாம், வெறும் முடிதானாம். வலையை எடுத்துவிட்டுப் பலகை போட்டு, அதன் மேல் காய்ந்த படுக்கை கனமாகப் போடச் சொன்னார். புண் உள்ளே இறங்கினால் காப்பாற்றுவது கஷ்டம் என்றும் சொன்னார்.

பலகையை உன் அப்பாவே அறுத்து அடித்துக் கொடுத்தார். படுக்கைக்குத்தான் அலைகிறேன். பழைய துணி போடலாம் என்று பார்த்தேன். மரப்பெட்டியில் உன் அம்மாவின் புடவைகள் இருக்கின்றன, அவற்றை நான் தொடவில்லை. என் புடவை ஒன்றைக் கிழித்து மடித்துப் போட்டேன். அரை நாளில் கடித்து நூல் நூலாக இழுத்துவிட்டது. நூலை விழுங்கிவிடுமோ என்று பயந்து எடுத்துவிட்டேன். பிறகு மர அறுவை மில்லிலிருந்து மரத்தூள் வாங்கி வந்தேன். மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் பொரிக்கு விடாமல் தும்மல். அதையும் வாரிக் கொட்டினேன். இப்போது நெல் வைக்கோல் போட்டிருக்கிறேன். மழை ஈரத்தில் பூசணம் பிடித்துவிடுமோ என்று தினமும் முகர்ந்து பார்க்கிறேன்.

அடுத்த வீட்டு லட்சுமியம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பேரே பொரின்னு வெச்சிக்கினு இன்னும் பொரிக்காம கீறியே" என்றாள். சிரித்துவிட்டேன். நீ கோபித்துக்கொள்ளாதே, அவள்தான் பொரிக்கு முள்ளங்கி இலை கொண்டுவந்து போடுகிறாள்.

கூண்டை மாற்றியது சரியா என்று இரண்டு வரி எழுது. வேண்டாம் என்றால் நீ சொல்கிறபடி செய்கிறேன்.

இப்படிக்கு,
பெருமாயி.


கள்ளக்குறிச்சி,
கார்த்திகை 14.

அன்புள்ள கமலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் தெருமுனையில் நின்று, "இங்க யாரும்மா பெருமாயி?" என்று கேட்டிருக்கிறார். இந்தத் தெருவில் நான் குப்பன் வூட்டுக்காரிதானே, யாருக்கும் தெரியவில்லை. லட்சுமியம்மாள் யோசித்துப் பார்த்து அவரைக் கூட்டி வந்தாள். என் பெயருக்கு இதுவரை ஒரு கவர் வந்ததில்லை. மாவுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

'அன்புள்ள' என்று எழுதி, அடுத்த வார்த்தைக்கு இடம் விட்டுவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்திருந்தாய். அதனால் என்ன, படிக்க வேண்டியதெல்லாம் கீழே இருந்தது. கூண்டை மாற்றியது நல்லது என்று நீ எழுதியிருந்ததை உன் அப்பாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். வலை அடித்தவர் அவராச்சே.

பொரியின் கால் ஆறிவிட்டது. புது முடி அரும்பியிருக்கிறது. நெல் வைக்கோல் சரிப்படவில்லை, முரடாகக் குத்தியது. அப்போதுதான் எங்கள் ஊரில் சாமை அறுப்பு என்று நினைவு வந்தது. சாமைத்தாள், அதுதான் சாமை வைக்கோல், மெல்லிசு, கையில் கசக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கும். வெள்ளிமலையில் என் அண்ணன் கரியனிடம் சொல்லி அனுப்பினேன். உன் அப்பா ஜீப் மேல் ஒரு கட்டு போட்டு, தார்ப்பாய் மூடி, நனையாமல் கொண்டுவந்தார். வழியெல்லாம் பிரயாணிகள், "மாடு வாங்கிக்கினியா குப்பா?" என்று கேட்டார்களாம். மொசலுக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டாராம்.

தாளை உதறிக் கை உயரத்துக்குப் போட்டேன். பொரி மூக்கை விட்டுத் துழாவியது, கொஞ்சம் தின்றது, சுற்றிச் சுற்றி வந்து பள்ளம் பண்ணியது. அப்புறம் சட்டென்று ஒருக்களித்து விழுந்து கால்களை நீட்டிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. தொட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது. நல்ல தூக்கம்! கம்பியில் இருந்தவரைக்கும் அது கால் நீட்டிப் படுத்து நான் பார்த்ததே இல்லை. உன் அப்பாவும் கூண்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மூலையில்தான் மூத்திரம் பெய்கிறது. அங்கே தகரத் தட்டு வைத்து, அந்த இடத்துத் தாளை மட்டும் தினமும் மாற்றுகிறேன். வாடை இல்லை.

இந்தக் கட்டு தை மாதம் வரைக்கும் வரும். அடுத்த கட்டுக்கு நானே மலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். உனக்குப் பொங்கல் லீவு இருக்கும். உன் அப்பாதான் ஜீப் ஓட்டுவார், வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்கிறேன். நீயும் வந்தால் தாளை நீயே பார்த்து எடுக்கலாம். கட்டாயம் இல்லை. படிப்பு இருந்தால் படி.

வருவதாக இருந்தால் ஒன்று மட்டும் முன்கூட்டியே எழுது. எங்கள் ஊரில் உன்னை யாரும் பார்த்ததில்லை. களத்தில் இருக்கிற பெண்கள் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "யாரு பெருமாயி இந்தப் பொண்ணு?" என்று கேட்பார்கள். நான் என்ன சொல்லட்டும், கமலா?

மழையில் நனையாதே. நன்றாக இரு.

இப்படிக்கு,
பெருமாயி.