க-வில் தொடங்கும் ஊர்

மே 3, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. ஊர் தப்பாகிவிட்டது.

மண் பரிசோதனை செய்யும் கம்பெனி. கட்டடம் கட்டுவதற்கு முன்னால் துளை போட்டு மண்ணை எடுத்து, இது தாங்குமா தாங்காதா என்று சொல்கிறவர்கள். ஐந்து ஊர்களில் கிளை. லேப் இருப்பது ஒரே ஒரு ஊரில்தான். மற்ற நாலிலும் உட்கார்ந்து அறிக்கை தட்டவேண்டியதுதான். நாலு வருஷம் நான் படித்தது மண் சலிக்கும் சல்லடையில் கை வைப்பதற்கு, அறிக்கை தட்டுவதற்கு அல்ல.

அந்த லேப் ஊரின் பேர் க-வில் தொடங்குகிறது. எனக்கு எல்லா எழுத்தும் கொஞ்சம் திக்கும். க மட்டும் கதவையே சாத்திவிடும். காபி என்று கேட்க முடியாமல் காலேஜ் கேன்டீனில் நாலு வருஷமும் டீ குடித்தவள் நான். இன்றைக்கு நேர்காணலிலும் களிமண் என்ற வார்த்தையைத் தொடவே இல்லை. "ஒட்டுற மண்", "வழவழன்னு இருக்கிற மண்" என்று அரை மணி நேரம் ஓட்டினேன். மண்ணையே பாடமாகப் படித்தவள் களிமண் என்று சொல்லமாட்டாளாம்! அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி.

கடைசியில் மூக்குக்கண்ணாடி போட்ட மேனேஜர் அம்மா கேட்டார்: "எந்த ஊரும்மா வேணும்?" பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன பதில். வாயைத் திறந்தேன். தொண்டை பூட்டிக்கொண்டது. அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அக்கா இருக்கிற ஊரைச் சொல்லிவிட்டேன். அது மட்டும் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. எழுதிக்கொண்டார்.

படி இறங்கும்போது என் வாயில் நானே ஒரு அடி போட்டேன். வலித்தது. நல்லா வேணும்.

மே 4, புதன்

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா ஊரையே கேட்டு வாங்கிட்டா பாருங்க!" அப்பா "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார். நான் எங்கே தனியாகப் போய் இருக்கவேண்டி வருமோ என்ற கவலை இத்தனை நாள் இருந்திருக்கிறது அவருக்கு. நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

மாலை அக்கா போன். "சின்ன ரூமை ஒழிச்சுத் தரேன்டி. தையல் மிஷினை ஹாலுக்குத் தள்ளிடலாம். பேங்க்ல, ஆபீஸ்ல, எங்கேயும் நீ வாயைத் திறக்கவே வேண்டாம். நான் இருக்கேன்ல?"

இருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் டீச்சர் பேர் கேட்டபோது ஐந்தாம் வகுப்பிலிருந்து அவளைத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள், என் பேரைச் சொல்ல. ஒரு தடவை துணிக்கடையில் என்ன கலர் வேண்டும் என்று கேட்டார்கள். "க... க..." என்றேன். "கத்தரிப்பூ கலராம்" என்றாள் அக்கா. நான் சொல்ல வந்தது கருப்பு. தலையை ஆட்டிவிட்டேன். அந்தக் கத்தரிப்பூச் சட்டையை இரண்டு வருஷம் போட்டேன். "இவளுக்கு அந்தக் கலர்னா உயிர்" என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாவம்.

மே 7, சனி

ஆர்டர் வந்துவிட்டது. ஜூன் 6 சேரவேண்டும். உடனே மெயில் போட்டேன்: ஊரை மாற்றித் தரவும். எழுத்தில் நான் என்ன சரளம்! லேப் ஊரின் பேரை மூன்று இடத்தில் அடித்தேன், ஒரு இடத்திலும் திக்கவில்லை.

மே 9, திங்கள்

பதில் வந்தது. "நேர்காணலில் தாங்களே நேரில் சொன்ன ஊர் பதிவாகியுள்ளது. மாற்றம் வேண்டுமெனில் 13ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் தொலைபேசியில் பேசி உறுதிசெய்யவும்."

பேசி! எழுதினால் ஏன் செல்லாது? என் எழுத்து என்ன பொய்யா சொல்கிறது? போனைக் கட்டிலில் விட்டெறிந்தேன். அம்மா எட்டிப் பார்த்து "என்னடி?" என்றாள். "எறும்பு" என்றேன்.

மே 10, செவ்வாய்

மூன்று தடவை போன் அடித்தேன்.

முதல் தடவை: "ஹலோ, சொல்லுங்க." ஒரு ஆள் குரல், ஐம்பது வயதிருக்கும். நான் காற்றைத்தான் விட்டேன். "ஹலோ? டவர் இல்ல போல." வைத்துவிட்டார். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை: "யாருங்க அது? வேற வேலை இல்லையா உங்களுக்கு?"

வேலைக்காகத்தான் ஐயா கூப்பிடுகிறேன்.

மே 11, புதன்

அடிக்கவில்லை. துணி மடித்தேன். மடித்ததையே மறுபடியும் மடித்தேன். இரண்டு நாள் இருக்கிறது. அக்கா ஊரில் என்ன குறைச்சல்? சோறு கிடைக்கும், ரூம் கிடைக்கும். அறுபது வயதிலும் ஒருத்தி எனக்காகக் கத்தரிப்பூ என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

மே 12, வியாழன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் மறைத்து வைத்துக்கொண்டு வேறு யாரிடம் பேசி என்ன பிரயோஜனம்?

"அக்கா, எனக்கு அங்க வர இ... இ..."

"இடம் பத்தாதுன்னு பாக்கறியா? தாராளமா பத்தும்டி."

"இ... இஷ்டம் இல்ல."

அவள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது கேட்டது. பிறகு, "நான் என்னடி பண்ணேன் உனக்கு?"

ஒன்றும் பண்ணவில்லை. அதை எப்படிச் சொல்வது? லேப், சல்லடை, மெயில் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ஆச்சரியம், குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, நம்பரைக் கொடு. நம்ம ரெண்டு பேர் குரலும் ஒண்ணுதான். நீ பேசற மாதிரி நானே பேசி மாத்திடறேன். ரெண்டு நிமிஷ வேலை" என்றாள்.

என் அக்கா இவள். நான் அவளை விட்டுப் போவதற்கும் அவளே பேசித் தருவாளாம்.

நம்பரை டைப் அடித்தேன். அனுப்பினால் முடிந்தது, லேப் ஊர் என் கையில். விரல் அந்தப் பச்சைப் பொத்தான் மேலேயே நின்றது. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு எண்ணாக அழித்தேன். "வேண்டாம்க்கா."

"அப்போ நீயே பேசிக்கோ போ!" வைத்துவிட்டாள். அழுதிருப்பாள். நானும்தான்.

மே 13, வெள்ளி

நாலு நாற்பதுக்கு அடித்தேன். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று.

"ஹலோ, சொல்லுங்க."

"ஊர் மா... மா... மாத்தணும். ஜூன்ல சேரணும்."

"சரிம்மா, நம்பரை வெச்சு உங்க பேரை லிஸ்ட்ல பாத்துட்டேன். எந்த ஊருக்கு?"

"க..."

வந்தது. தாடை இறுகிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டேன். "க... க..."

அவர் ஒரு ஊரைச் சொன்னார். க-வில் தொடங்கும் ஊர்தான். வேறு ஊர்! இந்தப் படுபாவிக் கம்பெனிக்குக் க-வில் இரண்டு கிளை. "அதானேம்மா? போட்டுடட்டுமா?"

உடம்பு முழுக்க ஆமாம் என்றது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷமே தப்பித்துவிடலாம். கத்தரிப்பூச் சட்டை. தலைகூட ஆடிவிட்டது. நல்லவேளை, போனில் அது தெரியாது.

"இல்ல," என்றேன்.

"சரி, சொல்லுங்க."

"க... க..." மூச்சு தீர்ந்தது. மறுபடி எடுத்தேன். அவர் வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. அஞ்சு மணி வரைக்கும் எனக்கு இங்கதான் டியூட்டி." அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்காகச் சொல்லவும் இல்லை.

சொன்னேன். துண்டு துண்டாக, எச்சில் தெறிக்க, முதல் எழுத்தை எத்தனை தடவை இடித்தேனோ. ஆனால் முழுப் பேரும் வெளியே வந்தது.

"அங்கேயா?" என்றார். "மண்ணு, தூசின்னு எல்லாரும் வேணாம்னு ஓடறாங்க. நீங்க கேட்டு வாங்கறீங்க. போட்டாச்சு. ஏம்மா, அன்னைக்கு மூணு தடவை அடிச்சிட்டுப் பேசாம இருந்தது நீங்கதானா?"

"ஆமா."

"திட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

வைத்துவிட்டேன். தொட்டி ஓரமாகவே உட்கார்ந்துவிட்டேன்.

கீழே வந்து சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அம்மா, "அங்க உனக்கு யாருடி இருக்கா?" என்றாள். யாரும் இல்லை என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்: நானே பேசிட்டேன்.

மே 14, சனி

அக்காவின் பதில்: "தையல் மிஷினைத் திரும்ப ரூம்லயே வெச்சுக்கட்டுமா?"

ஆறு தடவை படித்தேன். "வெச்சுக்கோ" என்று அனுப்பினேன்.

ஜூன் 6, திங்கள்

லேப் ஊர். பஸ் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி மாடி ரூம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

லேப் பெரிய கொட்டகை. இரும்புக் குழாய்களில் மெழுகு வைத்து மூடிய மண் மாதிரிகள் வரிசையாக. இன்றைக்கு எனக்குச் சீட்டு ஒட்டும் வேலை. களிமண், களிமண், களிமண் என்று பதினேழு சீட்டு எழுதினேன். யாரும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லவில்லை. நாளைக்குக் கேட்பார்கள்.

ஜூன் 7, செவ்வாய்

காலையில் லேப் வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடை. எனக்குப் பின்னால் நாலு பேர். கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "என்னம்மா வேணும்?"

டீ நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"க..."

"கடலையா?"

"இல்ல. க... க..." பின்னால் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். கனைக்கட்டும். "க... காபி."

கொடுத்தார். கழுவின தண்ணி மாதிரி இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.