உன் முட்டியில் ஒரு குறையும் இல்லை

சுங்கை பினாங், மலேசியா,
14 ஜூன் 2025

அன்பு மகள் நட்டாலிக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி எழுகிறோம், நியூசிலாந்தில், வெலிங்டன் குளிரில் நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, கிளினிக்கில் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்கள். டேரன் அண்ணன் பட்டர்வொர்த்தில் புது வீட்டுக்குப் போய்விட்டான், அவன் மகள் பாலர் பள்ளிக்குப் போகிறாள், முதல் நாள் சிரித்துக்கொண்டே போனவள் மூன்றாம் நாள்தான் அழுதாளாம். நம் ஃபிளாட்டில் லிஃப்ட் மறுபடியும் ஓடவில்லை, பிறை தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து ஒன்பது மாடியும் நடந்துதான் ஏறுகிறேன். வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். அதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்து படி, அவசரத்தில் படிக்காதே.

பிப்ரவரியில் பேட்மிண்டன் ஆடும்போது எனக்கு இடது முட்டி திரும்பிக்கொண்டது என்று உனக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா. சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி அப்துல் ரஹீமும் நானும் ஒரு பக்கம் ஆடினோம், தலைக்கு மேல் போன பந்தைப் பின்னால் எட்டி அடிக்கப் போய்க் கால் வழுக்கியது. வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. ஆனால் நான் உனக்குச் சொல்லாதது நிறைய. முதல் டாக்டர் நரம்பு கொஞ்சம் இழுத்துக்கொண்டது, ஒரு மாதம் ஓய்வு போதும் என்றார். நான் நம்பவில்லை. இரண்டாவது டாக்டரிடம் போனேன், பிறகு மூன்றாவது. வேலை இடைவேளையில் போனை எடுத்து முட்டி நோய் ஒவ்வொன்றாகத் தேடிப் படிப்பேன், படித்த நோயெல்லாம் எனக்கு இருக்கிற மாதிரியே இருக்கும். காலையில் அம்மா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன பிறகு அவளுடைய தையல் நாடாவை எடுத்து இரண்டு முட்டியையும் அளந்து பார்ப்பேன். அரை சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு கூத்து. ஸ்கேன் எடுத்தால்தான் மனசு ஆறும் என்று அதையும் எடுத்தேன், முதல் டாக்டர் சொன்னதே அதிலும் வந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் நீ பேசினாய். வலி எப்படி என்று கேட்டாய், போய்விட்டது போலிருக்கிறது என்றேன். அப்போது நீ சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "அப்பா, வலி போயிட்டா நல்லாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. வலி இல்லாதப்பதான் கவனமா இருக்கணும்." அதோடு விட்டாயா, என்னைத் தேற்றுவதற்காக உன் கதையையும் சொன்னாய். அலுவலகத்துப் பெண்கள் ஹாக்கிக் குழுவில் சேரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், என் முட்டி கெட்டுப்போன முட்டி, என்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டேன் என்றாய். கூட்டாளிகள் மலை ஏறப் போகும்போது நான் கீழே காரில் உட்கார்ந்திருந்தேன் என்றாய். அந்த ஊரே மேடு பள்ளம், அதனால்தான் எல்லாரையும் விட்டுத் தள்ளித் தரை மட்டத்தில் ஓர் அறை பார்த்தேன் என்றாய். நான் விளையாட்டை விட்டுட்டேன்ல, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, நீங்களும் விட்டுடுங்க என்று சிரித்தாய். போனை வைத்த பிறகு நான் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வலி இல்லாதபோதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, மகளே. அது நான் சொன்னது. நானே இட்டுக்கட்டியது.

அப்போது உனக்குப் பதினாறு வயது. மாநில ஹாக்கிக் குழுவில் எடுத்து, பதினொன்றாம் எண் சட்டையும் கொடுத்துவிட்டார்கள், ஈப்போவில் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. பயிற்சியில் விழுந்து முட்டி வீங்கி வந்தாய். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு நீயும் கூட வந்தாய், ஆனால் அறிக்கை வாங்கப் போன அன்றைக்கு உனக்குப் பரீட்சை, நான் மட்டும்தான் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கிழிசல் இல்லை, எலும்பு சுத்தமாக இருக்கிறது, லேசான இழுப்பு, மூன்று வாரம் ஓய்வு, பிறகு கொஞ்சம் பயிற்சி, போட்டிக்குத் தாராளமாகப் போகலாம் என்றார். அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். நான் அதை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். வந்து உன்னிடம் சொன்னது வேறு. நரம்பு பலவீனமாக இருக்கிறதாம், இன்னொரு தடவை விழுந்தால் காலத்துக்கும் நொண்ட வேண்டியதுதானாம், இனிமேல் ஓடவே கூடாதாம் என்றேன். நீ அழவில்லை. ஒரு மாதம் கழித்து, அப்பா வலியே இல்லையே, ஏன் விளையாடக் கூடாது என்று கேட்டாய். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அதை நீ பத்து வருஷம் வைத்திருந்து, பத்திரமாக எனக்கே திருப்பிச் சொன்னாய்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய், கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த பிச்சைமுத்துவை உனக்கு ஞாபகம் இருக்காது. அந்த வருஷம் அவனுக்கும் முட்டி வலியில்தான் ஆரம்பித்தது. முதலில் எடுத்த படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள், பிறகு எலும்பில் புற்று என்றார்கள், தொடைக்கு மேலே காலை எடுத்தார்கள், எட்டு மாதத்தில் போய்விட்டான். நான்தான் ஆஸ்பத்திரியில் அவன் செருப்பை எடுத்துப் பையில் போட்டேன், ஒரு செருப்பு எதற்கு என்று அவன் மனைவி கேட்டாள். அடுத்த மாதம் நீ முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாய். டாக்டர் சுத்தம் என்று சொன்னது என் காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. நீ ஓடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் உன் இரண்டு காலும் எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கும் என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு. இதை ஒரு நியாயமாக எழுதவில்லை. பயம் என்னுடையது. அதை நான் சுமக்காமல் உன் காலில் கட்டிவிட்டேன்.

ஈப்போ போட்டி முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். போட்டி முடிந்தது, இப்போது சொன்னால் என்னை வெறுத்துவிடுவாய் என்று தள்ளிப்போட்டேன். படிப்பு முடியட்டும் என்றேன், வேலை கிடைக்கட்டும் என்றேன், நீ விமானம் ஏறிவிட்டாய். நீ இங்கே இருந்த நாளில் தொலைக்காட்சியில் ஹாக்கி வந்தால் சட்டென்று வேறு சேனல் மாற்றுவேன், நீ என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பாய், அப்பாவுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்திருப்பாய். கிறிஸ்துமஸ் பார்சலில் வருஷா வருஷம் முட்டிக்கு உறை வாங்கி அனுப்பினேனே, அந்த வெட்கத்தை எங்கே போய்ச் சொல்வது. உன் அம்மா ஒவ்வொரு ஜூலையும் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏந்தி, என் பிள்ளை முட்டியைக் குணமாக்கு தாயே என்று வேண்டிக்கொண்டு போனாள். நான் பக்கத்திலேயே நடந்தேன். இல்லாத நோய்க்கு அவள் வேண்டுகிறாள் என்று தெரிந்தும் அவளுக்காகக் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இந்த ஏப்ரலில் நான் மறுபடியும் ஆடப் போனேன். இதை எழுதத்தான் கை வரவில்லை. உன்னுடைய ஆட்டத்தை நிறுத்தினேன், என்னுடையதை நிறுத்தவில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து பார்த்தேன், சனிக்கிழமை ஆனால் கால் தானாக பேட்மிண்டன் மண்டபத்துப் பக்கம் போனது, ஆடாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு நானும் ரஹீமும் இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம். ரஹீம் என் முதுகில் தட்டி, "ஒண்ணும் இல்லன்னு நாந்தான் சொன்னேன்லா. பயந்து பயந்து ஆறு வாரத்த வீணாக்கிட்டே" என்றார். நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன், மட்டையை உறைக்குள் போடக்கூட முடியவில்லை. எனக்கு ஆறு வாரம் போனதற்கே அவர் வருத்தப்படுகிறார்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கடைசி வரைக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு நாள் தட்டை வைத்தாள், எடுத்தாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் நான் உனக்குப் போன் போடப் போவதைப் பார்த்து வந்து கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "எழுதி அனுப்புங்க. போன்ல சொன்னா நீங்க அழுவீங்க, அப்புறம் அவ ஒங்களத்தான் சமாதானப்படுத்திக்கிட்டு இருப்பா. அவ கோவப்படட்டும்" என்றாள். அது சரிதான் என்று பட்டது. ஏழு தடவை எழுதிக் கிழித்தேன், இரண்டு மாதம் ஓடிவிட்டது. இந்த வருஷம் திருவிழாவுக்கு என்னோடு வருவாளா என்று இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் நவமணி டீச்சரைப் போய்ப் பார்த்தேன், உன் ஹாக்கிப் பயிற்சியாளர், ஓய்வு பெற்றுப் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய் விளையாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று அவரிடமும் பொய் சொன்னவன் நான்தானே, அறிக்கையைக் காட்டுங்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. இப்போது முழுவதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நீ அவரிடம் தனியாகப் போனாயாமே, விளையாட வேண்டாம், தண்ணீர் பாட்டில் தூக்கவாவது ஈப்போவுக்குக் கூட்டிப் போங்கள் என்று கெஞ்சினாயாமே. எனக்குத் தெரியாது, மகளே. "நான் ஒங்க வார்த்தைய நம்பி, அப்பா சொல்றத கேளும்மான்னு அந்தப் புள்ளைய திருப்பி அனுப்புனேன், அண்ணே" என்றார். அவளுக்கு நானும் எழுத வேண்டும், விலாசம் கொடுங்கள் என்றார். கொடுத்திருக்கிறேன்.

இதோடு அந்த ஸ்கேன் அறிக்கையை வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவில் பத்து வருஷமாகக் கிடந்தது, ஏனோ கிழிக்க மட்டும் துணிவு வரவில்லை. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, நீயே படித்துப் பார். என் வார்த்தையை இனி நீ நம்ப வேண்டியதில்லை. அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் போய் இதைக் காட்டி, முட்டியையும் காட்டி, அவர் வாயால் கேட்டுக்கொள். போன பத்து வருஷத்தை நான் திருப்பித் தர முடியாது, பதினாறு வயதில் ஓடிய அந்த ஓட்டம் இருபத்தாறில் வருமா என்றும் தெரியாது. ஆனால் அந்தப் பெண்கள் கூப்பிட்டது இந்தக் குளிர்காலத்துக்குத்தானே, இன்னும் ஆள் எடுப்பார்களோ என்னவோ கேட்டுப் பார். இதற்கு மேலே ஒரு வரி அடித்திருப்பதைப் பார்ப்பாய். மெதுவாக ஆரம்பி, விழுந்துவிடாதே என்று என் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துவிட்டேன். விழுந்தால் விழு, எழுந்து ஆடு.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேச மனசு வராவிட்டால் பேசாதே, அது நியாயம்தான். ஆனால் அம்மாவின் போனுக்கு மட்டும் தவறாமல் கூப்பிடு, அடுத்த மாதம் நாலாம் தேதி அவளுக்குப் பிறந்தநாள், மறந்துவிடாதே. நான் பக்கத்தில் இருந்து கேட்க மாட்டேன், கீழே போய் நிற்கிறேன். மாதா உன் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் கை வைத்துக் காக்கட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் முகத்தைப் பார்க்கக் கூசுகிற,
உன் அப்பா,
வின்சென்ட்