பட்டன் போட்டது யார்

என் கோவக்காரிக்கு,

நேர்ல சொல்ல வாய் வரல, இடது கையால கிறுக்குறேன்.

காலையில ஊனமுற்றோர் சர்டிபிகேட் வாங்க என்னைப் பளிச்சுன்னு கிளப்பிவிட்டுட்டு வேலைக்குப் போனியே. டாக்டர் வலது கையைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியல. விரலை மடக்கச் சொன்னார். மடங்கல. அப்புறம், "சட்டைக்குப் பட்டன் யார் போட்டது?"ன்னு கேட்டார்.

இருபது வருஷம் ஊருக்கே சட்டை தச்சவன்டி நான். வரிசையில என் பழைய கஸ்டமர் வேற நின்னார். "நானேதான்"னு சொல்லிட்டேன்.

"அப்போ விரல் மடங்குதே"ன்னு சொல்லி, உதவித்தொகைக்குத் தகுதி இல்லைன்னு எழுதிட்டார். இனி அடுத்த வருஷம்தானாம்.

வந்ததிலேருந்து பட்டனைக் கழட்டப் பார்க்கிறேன். நான் போட்ட காஜா, இறுக்கிப் பிடிச்சிருக்கு.

வந்து எவ்வளவு வேணும்னாலும் திட்டு. அதுக்கு முன்னாடி இந்தச் சட்டையைக் கழட்டிவிடு.

உன் தையல்காரன்