வைக்கோலில் கட்டிய தவில்

11.9.2006

கொலு பொம்மை ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. பீங்கான் பட்டறையில் பேக்கிங்குக்கு ஆறு பேர் இருந்தும் அனுமன், பிள்ளையார் எல்லாம் என்னிடம்தான் வரும். வாலும் தும்பிக்கையும் உடையாமல் கட்ட எனக்குத்தான் தெரியுமாம். புகழ்ந்தே வேலை வாங்குகிறார்கள்.

மாலையில் அவர் போன் செய்தார். மொரீசியஸ் கோயிலில் தவில் வாசிக்க ஆறு மாதம் என்று சித்திரையில் போனவர். ஆறு மாதம் என்றது பிறகு தை மாதம்வரை என்று நீண்டது. இன்று சொல்கிறார்: “வளரு, வூட்ல இருக்கிற மூணு தவிலையும் கப்பல்ல அனுப்பி வை. தைப்பூசத்துக்கு வேணும். பசங்களுக்குக் கத்துத் தரவும் கேக்குறாங்க.”

“நீங்க எப்ப வரீங்க?”

“முதல்ல அது வரட்டும்.”

முதல்ல அது வரட்டும். அப்புறம்? ஆள் இங்கே வருவதற்குப் பதிலாகத் தவில் அங்கே போகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று என்னையே கேட்டுக்கொண்டு படுத்தேன்.

12.9.2006

அத்தையிடம் சொன்னேன். “தொழில் பண்றவனுக்கு சாமான் வேணும்ல” என்றார். மகனை விட்டுக்கொடுக்க மாட்டாரே. ஆனாலும் முகம் சரியில்லை.

17.9.2006

கச்சேரித் தவில் இரண்டும் போகட்டும். சின்னத் தவிலை அனுப்ப மாட்டேன். அது மாமா தன் மகனுக்கு வாங்கித் தந்தது, இவர் முதன்முதலில் கை வைத்துப் பழகியது. மூலையில் பானை வைக்கிற வைக்கோல் பிரிமணை மேல் அது உட்கார்ந்திருக்கும்வரை அவர் ஒரு நாள் வந்தாக வேண்டும். கேட்டால் பெட்டியில் இடமில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

1.10.2006

இன்று கூடு சுற்றினேன்.

தவில் வாசிக்கிறவர்கள் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டுதான் அடிப்பார்கள். துணி நாடாவை மைதாப் பசையில் நனைத்து விரல் மேலேயே சுற்றி, காயும்வரை கையை ஆட்டாமல் வைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆன மறு வாரமே அத்தை சொல்லிவிட்டார்: “இந்த வூட்ல கூடு சுத்துறது பொண்டாட்டி வேல. வேற யாருகிட்டயும் கைய நீட்ட மாட்டாங்க.” அவர் கையை என் மடியில் வைத்துச் சுற்றுவேன். காய்கிற நேரம் முழுக்க ஊர்க்கதை பேசுவோம். அவருக்கு மூக்கு அரித்தால் நான்தான் சொறிந்துவிட வேண்டும். வேண்டுமென்றே நாலு தடவை அரிக்கும் அவருக்கு.

ஊருக்குக் கிளம்பும் முன் அவர் விரல்களை பிளாஸ்டரில் அச்செடுத்து, பீங்கானில் வார்த்துச் சூளையில் சுட்டு வைத்துக்கொண்டேன். சுட்டால் மண் சுருங்கும். மேலே ஒரு சுற்றுத் துணி ஒட்டி அளவைச் சரிசெய்தேன். அந்த விரல்களில்தான் இன்று மூன்று செட் சுற்றி எடுத்தேன். சில்லென்று இருந்தன. பாதியில் அழுகை வந்துவிட்டது. கையெல்லாம் பசை, கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

5.10.2006

பெட்டி கட்டியாயிற்று. பட்டறையிலிருந்து நல்ல வைக்கோலாகப் பார்த்து எடுத்து வந்தேன். அடியில் ஒரு கைப்பிடி உயரம், நடுவில் திரித்துச் சொருகல், மேலே மெத்தை மாதிரி. கூடுகளைத் தனிப் பொட்டலமாக நடுவில் வைத்தேன். பெட்டியை உருட்டிவிட்டாலும் உள்ளே எதுவும் அசையாது. நானே ஆணி அடித்தேன்.

மங்கலம்பேட்டை கார்கோ கடைக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். துபாய்க்கும் குவைத்துக்கும் பெட்டி அனுப்பிப் பழகிய பாய்க்கு மொரீசியஸ் புதிது. மெட்ராஸில் தெரிந்த ஏஜெண்ட் மூலம் கப்பலில் ஏற்றித் தருவதாகச் சொன்னார்.

“பேக்கிங் சரியா இருக்குதாம்மா? பிரிச்சுப் பாக்கவா?”

“பீங்கான் கட்டுற கைங்க பாய் இது.”

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

23.10.2006

கப்பல் கிளம்பிவிட்டதாம். பாய் போனில் சொன்னார்.

28.11.2006

மொரீசியஸிலிருந்து அவர் பேசினார். பெட்டியை அங்கே துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்களாம். வைக்கோல் அந்த நாட்டுக்குள் வரவே கூடாதாம். பூச்சி வருமாம், பயிர்நோய் வருமாம்.

“வைக்கல்ல போயி யாராவது தவில் கட்டுவாங்களா?” என்று கத்தினார்.

“நான் வேற எதுலங்க கட்டுவேன்? இந்த ஊர்ல எல்லாமே அதுலதான போவுது?”

“இது என்ன ஊறுகாய் ஜாடியா?”

அத்தை காதில் விழுகிற மாதிரியா கத்துவாங்க? தப்பு என்னுடையதுதான். பாய் பிரிச்சுப் பாக்கவான்னு கேட்டாரே. பெருமை பீத்திக்கிட்டு வந்தேனே.

9.12.2006

தவில் இரண்டும் அவர் கைக்குப் போய்விட்டன. ஒரு கீறல் இல்லையாம். வைக்கோலை மட்டும் அதிகாரிகள் எரித்திருக்கிறார்கள். மாவுப் பசை என்று கூடுகளையும் அதோடு சேர்த்துப் போட்டுவிட்டார்களாம்.

“பரவால்லங்க, நாளைக்கே சுத்தி தபால்ல அனுப்புறேன். இந்த முறை பேப்பர்ல சுத்திடறேன்.”

“வேணாம் வளரு.”

“தைப்பூசத்துக்குக் கூடு வேணாமா?”

“இங்கயே சுத்திக்கிறேன்.”

“உங்க வலது கைக்கு நீங்களே எப்படிச் சுத்துவீங்க?”

“சுத்தித் தர ஆளிருக்குது.”

போனை வைத்துவிட்டார்.

10.12.2006

ஆளிருக்குதாம். ஆம்பளயா இருந்தா பேரச் சொல்லியிருப்பாரு. யாரு அது? எவ மடியில கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு? காயுற வரைக்கும் என்ன பேசுவாங்க? மூக்கு அரிச்சா — அதுக்கு மேல எழுத முடியல.

12.12.2006

பட்டறையில் ஒரு சரஸ்வதியின் வீணையை உடைத்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

17.1.2007

பொங்கல் கழிந்தது. நேற்று அவர் போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. அத்தைதான் பேசினார். பேசி முடித்து அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கேட்டுட்டேன். மறைக்கல. சொல்லிட்டான். அந்தப் பொண்ணு பேரு...”

“பேரு வேணாம் அத்தை.”

“உம் மாமாவுக்கு நான் முப்பது வருசம் சுத்தினேன். நான் நோவா படுத்திருந்தப்பகூட அவரு வேற ஒருத்தருகிட்ட கைய நீட்டல. நான் பெத்தது இப்படிப் பண்ணிடுச்சு.” சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைவிட அதிகமாக அழுதார். நான்தான் தேற்ற வேண்டியதாயிற்று. நல்ல கூத்து.

1.2.2007

தைப்பூசம். காவடிக்கு வாசித்திருப்பார். வேறொருத்தி சுற்றிய கூட்டோடு.

21.4.2007

அவர் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது.

நேற்று சின்னத் தவிலைத் துடைத்தேன். இது இருந்தால் வருவார் என்று நினைத்தேனே, எவ்வளவு பெரிய முட்டாள் நான். அது அவருக்கு ஞாபகம்கூட இல்லை. ஒரு தடவையாவது எங்கே என்று கேட்டாரா?

இன்று பழைய பேப்பரைக் கிழித்துச் சுருட்டிப் பெட்டியில் அடைத்தேன். ஒரு வைக்கோல் துரும்பு இல்லை. பீங்கான் விரல்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றி உள்ளே வைத்தேன். இதை வைத்துக்கொண்டால் அவள் அவர் கையைப் பிடிக்க வேண்டியதில்லை என்ற பொறாமையா, இனி இது எனக்கு எதற்கு என்ற வெறுப்பா? இரண்டும்தான். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டோவில் ஏற்றும்போது ஒரு பக்கம் அவர் பிடித்தார்.

பாய் இந்த முறை கறாராகக் கேட்டார். “உள்ள வைக்கோல் இல்லையேம்மா?”

“இல்லைங்க. பேப்பர்தான்.”

“என்னென்ன சாமான்?”

“தவிலு ஒண்ணு. பீங்கான் விரலு ஒரு செட்டு.”

பாய் நிமிர்ந்து பார்த்தார். “விரலா? கப்பல்ல போறதும்மா, உடைஞ்சிடப்போவுது.”

“நான் கட்டினா உடையாதுங்க பாய்.”

அவர் எழுதிக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மூலையைப் பெருக்கினேன். தவில் இருந்த பிரிமணை அங்கேயே கிடந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.