பிளஸ் போட்டு வரும் நம்பர்

ஜூலை 5, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போதே மெசேஜ் வந்துவிட்டது. 9.42. "ஓகே மா." அவ்வளவுதான். நான் படித்துவிட்டேன் என்று தெரிந்ததும் ரையனே அதை அழித்துவிடுவான். இந்த வாரத்துக்கு என் பிள்ளை உயிரோடு இருக்கிறான்.

அவன் எங்கள் ஊர் லூனாஸை விட்டுப் போய் ஐந்து மாதம் பதினோரு நாள். தாய்லாந்தில் கஸ்டமர் சர்வீஸ் வேலை என்று சொல்லித்தான் போனான். ஹாட்யாயில் இறங்கியவனை வேனில் ஏற்றி, இன்னொரு எல்லை தாண்டி, ஊர் பேர் தெரியாத ஒரு கட்டடத்தில் அடைத்துவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து நம் ஜனங்களுக்கே ஏமாற்று மெசேஜ் அனுப்ப வேண்டும். மாட்டேன் என்றால் அடி. மார்ச்சில் ஒரே ஒரு தடவை ஒளிந்து பேசியபோது சொன்னது இது. அப்புறம் ஞாயிறுதோறும் ஒரு வரி.

போலீஸில் புகார் கொடுத்தோம். "இடம் எதுன்னு தெரிஞ்சா சொல்லுங்கம்மா" என்றார் சார்ஜன். தெரிந்தால் நான் எதற்கு அவர் மேசைக்கு முன்னால் நின்று அழுகிறேன்?

மத்தியானம் பக்கத்து வீட்டு ஷாமளா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, பிளஸ் நம்பர்க்கா! நீங்க பேசுங்க." இந்தத் தாமான் குடியிருப்பில் ஸ்கேமர்களை ஏசுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிளஸ் போட்டு வெளிநாட்டிலிருந்து வந்தால் எடுக்காதே, எடுத்தால் நன்றாக ஏசிவிட்டு வை. எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். ரையன் மெசேஜ் பிரிவு, பாவம், அடித்துச் செய்ய வைக்கிறார்கள். போனில் வாய் கூசாமல் பேசுகிறவன்கள் வேறு. அவன்களெல்லாம் கை தேர்ந்த திருடன்கள். கிழி கிழி என்று கிழித்தேன். ஷாமளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜூலை 7, செவ்வாய்

காலையிலிருந்து நெட் இல்லை. என் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நான் சமைக்கும் பள்ளிக்கூடக் கேன்டீனில் எல்லார் போனும் அப்படியே. வதந்தி பரவாமல் இருக்க மேலிடத்து உத்தரவாம், மூன்று நாளைக்காம், போனில் பேச மட்டும் முடியுமாம். வானொலியில் சொன்னார்கள்.

மூன்று நாள்தானே. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும்.

ஜூலை 10, வெள்ளி

இன்னும் ஒரு வாரம் நீட்டியிருக்கிறார்கள். மாதாவே.

ஜூலை 12, ஞாயிறு

9.42. 9.50. 10.15. கோயில் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வராது என்று தெரியும். தெரிந்தும் நின்றேன்.

அவன் அனுப்பியிருப்பானா? அனுப்ப முடியாமல் கிடக்கிறானா? பதில் இல்லையே, அம்மா கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொள்வானோ?

ஜனங்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. எல்லாரும் பழகிக்கொண்டார்கள். பூசை நேரத்தைச் சாக்பீசால் பலகையில் எழுதி வைத்தாயிற்று. கல்யாணப் பத்திரிகையை வீடு வீடாகக் கொண்டு போகிறார்கள். பாசாரில் மீன்காரன் அட்டையில் "ரொக்கம் மட்டும்" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறான். "பழகிப்போச்சுலா அக்கா, நிம்மதியாத்தான் இருக்கு" என்கிறாள் ஷாமளா. உனக்கு நிம்மதிதான்டி. உன் பிள்ளை உன் வீட்டில் தூங்குகிறான்.

ஜூலை 13, திங்கள்

லீவு போட்டுவிட்டு எல்லைக்குப் போனேன். புக்கிட் காயு ஹீத்தாமில் வேலியோரம் நின்றால் தாய்லாந்து லைன் கிடைக்கிறதாம். ஷாமளாவின் வீட்டுக்காரர் ரவிச்சந்திரன் தன் வேனில் ஆறு பேரை ஏற்றிப் போனார். அங்கே திருவிழாக் கூட்டம். நிறுத்தியிருந்த காடி கூரை மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். தாய்லாந்து சிம் வைத்திருந்த ஒரு பையனிடம் வரிசை போட்டு நின்றோம். ஒருவருக்கு ஐந்து நிமிஷம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போது சீருடைக்காரர்கள் வந்து விரட்டினார்கள். "என் மவன்யா, என் மவன்" என்று தமிழிலேயே கத்தினேன். மலாய் வாயில் வரவில்லை. வேனுக்குள் ஏறி உட்கார்ந்து ஜித்ரா தாண்டும்வரைக்கும் அழுதேன்.

ஜூலை 14, செவ்வாய்

காலையில் கேன்டீனில் வெங்காயம் உரிக்கும்போது பிளஸ் போட்டு ஒரு நம்பர். நேற்றைய ஆத்திரமெல்லாம் அப்படியே இருந்தது. எடுத்தேன்.

"செலாமாட் பாகி, புவான் அக்னஸ். சுங்க இலாகாவிலிருந்து பேசுகிறேன். உங்கள் பெயரில் ஒரு பார்சல்…" என்று மலாயில் காலை வணக்கம் சொல்லி ஆரம்பித்தான். சளி பிடித்த குரல்.

விட்டேன் பாருங்கள். மலாயிலும் தமிழிலும் சேர்த்து. உன் கை விளங்குமா, உன் குடும்பம் விளங்குமா, உன்னைப் பெத்தவ உன்னை இதுக்குத்தான் பெத்தாளா, செத்துத் தொலைய வேண்டியதுதானேடா! அவன் திருப்பி ஏசவில்லை, வைக்கவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான்தான் வைத்தேன். கேன்டீன் ஆட்கள் கைதட்டினார்கள். மனசு கொஞ்சம் லேசானது.

ஜூலை 15, புதன்

அவன் என்னை அக்னஸ் என்று கூப்பிட்டான்.

இந்த சிம் என் வீட்டுக்காரர் ஜூலியஸ் பெயரில் இருக்கிறது. இத்தனை வருஷமாக வந்த ஸ்கேமர் அத்தனை பேரும் "என்சே ஜூலியஸ் இருக்கிறாரா" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தன்கூட அக்னஸ் என்றதில்லை. இது அரிசி களையும்போது தோன்றியது. சட்டியை அப்படியே போட்டுவிட்டேன்.

ஏன் அவன் வைக்கவில்லை? அத்தனை ஏச்சையும் கேட்டுக்கொண்டு ஏன் இருந்தான்?

ஜூலியஸிடம் சொன்னேன். "பிள்ளைய நெனச்சு நெனச்சு ஒனக்கு மூள கொழம்பிப்போச்சு, அக்னஸ்" என்றார். ஆனால் அவரும் அப்புறம் சோறு தின்னவில்லை. அந்த நம்பருக்கு நாற்பது தடவை அடித்துப் பார்த்தோம். அப்படி ஒரு நம்பரே இல்லை என்கிறது.

செத்துத் தொலை என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

ஜூலை 16, வியாழன்

பிளஸ் நம்பர் மூன்று வந்தது. மூன்றையும் எடுத்தேன். அவன் இல்லை.

ஜூலை 17, வெள்ளி

பத்து இருபதுக்கு வந்தது. பிள்ளைகள் ரீசஸ் முடிந்து வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

"செலாமாட் பாகி, புவான் அக்னஸ்."

அவன்தான். என் பிள்ளை. பெற்ற என்னை, யாரோ ஒரு மேடம் மாதிரி, புவான் என்று கூப்பிடுகிறான். அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் இன்னும் பல பேர் பேசும் சத்தம். பக்கத்தில் ஆள் நிற்கிறது, அதனால்தான் இப்படிப் பேசுகிறான் என்று புரிந்தது. புரிந்ததற்கு மாதாவுக்கு நன்றி. ரையன் என்று வாய் வரைக்கும் வந்ததைக் கடித்து விழுங்கினேன்.

"யா, சாயா அக்னஸ், நான்தான். மெதுவாகச் சொல்லு, எனக்குக் காது சரியாகக் கேட்காது" என்றேன் மலாயில்.

பார்சலை அனுப்பியவர் முகவரி என்று சொல்லி வாசித்தான். கட்டடத்தின் எழுத்து, எத்தனையாவது மாடி, பக்கத்தில் என்ன ஹோட்டல், ஆற்றுக்கு எந்தப் பக்கம், ஊர். "இன்னொரு தடவை" என்றேன். மூன்று தடவை வாசித்தான். முட்டை அட்டையில் எழுதிக்கொண்டேன். அவனை அடைத்து வைத்திருக்கிற இடம்.

அப்புறம் வாய் ஓயாத ஒரு கிழவி மாதிரி சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு பையன் கூப்பிட்டான். தெரியாமல் ரொம்ப ஏசிவிட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. அவனைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லு."

"தாக் அப்பா, புவான்" என்றான். பரவாயில்லையாம். பரவாயில்லையாம்!

ஜூலை 18, சனி

ஸ்டேஷனுக்குப் போய் முட்டை அட்டையைக் கொடுத்தோம். சார்ஜன் இரண்டு தடவை படித்தார். முதல் தடவையாக என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நெட்டை இன்னும் ஒரு வாரம் நீட்டிவிட்டார்கள், மெயில் போகாது, அதனால் ஸ்டோரில் கிடந்த ஃபேக்ஸ் மெஷினைத் தூசி தட்டி எடுத்தார்கள். தாள் ஒன்று ஒன்றாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "மேல போயிரும்மா. ஆனா நாளாகும்" என்றார். எத்தனை நாள் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஜூலை 22, புதன்

திங்கள், செவ்வாய், இன்று. தினமும் கூப்பிடுகிறான்.

பார்சலுக்குப் பணம் கட்டப் போகிற ஏமாந்த கிழவி நான். கட்டுகிறேன், கட்டுகிறேன், ஆனால் நெட் இல்லையே, பேங்கில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறதே, நாளைக்குக் கட்டுகிறேன். அவன் பின்னால் நிற்கிறவனும் இதை நம்புகிறான். நாட்டில் நெட் இல்லை என்பது அவனுக்கும் தெரியுமே. அதனால் நாளைக்கும் கூப்பிடச் சொல்கிறான்.

எனக்கு வேண்டியது அந்த நாளைக்குத்தான். வாய் ஓயாத கிழவி வீட்டுக் கதையெல்லாம் சொல்லாமல் இருப்பாளா? நாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று முழுக்க வெள்ளை. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. என் மகன் அறையை நான் கூட்டுவதோடு சரி, ஒரு சாமானைக்கூட நகர்த்தவில்லை. "யா, புவான். யா, புவான்" என்று கேட்டுக்கொள்கிறான். வெள்ளைக் குட்டி என்றதும் மூக்கை உறிஞ்சினான்.

எங்கேயோ எவனோ உத்தரவு போட்டு நெட்டை நிறுத்தினான். அவனுக்காக இன்று ஜெபம் பண்ணினேன். இன்னும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள், சாமி.

ஜூலை 24, வெள்ளி

நெட் வந்துவிட்டது.

பதினோரு மணிக்குக் கேன்டீனில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தியது. ஆசிரியர்கள் விசிலடித்தார்கள். என் போனில் நூற்றுக்கணக்கில் மெசேஜ், பூ படம், காலை வணக்கம். அதற்கு நடுவில் அவனுடையது. ஜூலை 12, காலை 9.42.

"மா, இனிமே எங்கள போன்லதான் பேச விடுவாங்க. அங்க நெட் இல்லையாம். ஒங்க நம்பர லிஸ்ட்ல சேத்துட்டேன். பிளஸ் நம்பர் வந்தா எடுங்க மா. ப்ளீஸ் மா, கட் பண்ணிராதீங்க."

இதை அனுப்பிவிட்டுத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருக்கிறான்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டான். குரலே வேறு. "நெட் வந்துவிட்டது, புவான். இப்போதே அனுப்புங்கள், இப்போதே." பின்னால் ஒருத்தன் கத்துகிறான். எனக்கு அனுப்பத் தெரியாது, மகன் வரட்டும் என்றேன். ஏதோ தடாலென்று விழுந்தது. லைன் கட்டாகிவிட்டது.

என்ன விழுந்தது? போனா? அவனா?

ஜூலை 26, ஞாயிறு

புக்கிட் மெர்தாஜாமில், மாதாவைப் பெற்ற அன்னம்மாள் திருவிழா. ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்தி, எல்லார் கையிலும் போன், எல்லாரும் நேரலை போடுகிறார்கள். 9.42க்கு ஒன்றும் வரவில்லை. ஏம்மா, நீயும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே?

ஜூலை 28, செவ்வாய்

இல்லை.

ஜூலை 30, வியாழன்

பிளஸ் நம்பர். வேறு பையன். அதே சுங்க இலாகா, அதே பார்சல். மலாயைத் தமிழ்ப் பிள்ளை பேசுவது எனக்குத் தெரியாதா? ஏசவில்லை. ஏச வாய் வரவில்லை.

"பசியாறிட்டியாய்யா?" என்றேன்.

பின்னால் யாரோ நடந்து போகும் சத்தம் தூரமாகும்வரைக்கும் காத்திருந்தான்.

"நீங்க ரையன் அம்மாவா?" கிசுகிசுவென்று கேட்டான்.

பெயர் சத்தியசீலன். ரையனுக்கு அடுத்த மேசை. செவ்வாய்க்கிழமை ரையனையும் இன்னும் எட்டுப் பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே என்று தெரியாதாம். "நடந்துதான் ஏறுனான்மா, நான் பாத்தேன்" என்றான். அப்படியென்றால் ஃபேக்ஸில் போன முகவரியில் இப்போது என் பிள்ளை இல்லை.

"போறதுக்கு முன்னாடி ஒங்க நம்பர எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தான். இந்த நம்பர்ல ஒரு அம்மா இருக்காங்க, கட் பண்ண மாட்டாங்கன்னு."

என்னையா சொன்னான்? என்னையா அப்படிச் சொன்னான்?

"ஒங்கம்மா யாருய்யா?" என்று கேட்டேன். மருதம்மாள், பண்டார் பாரு, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அதற்கு மேல் பேச முடியவில்லை. திரும்பவும் சுங்க இலாகா ஆகிவிட்டான்.

ஆகஸ்ட் 1, சனி

ஜூலியஸ் காடி ஓட்டினார். பண்டார் பாருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். மருதம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். மகன் பெயரைச் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூன்று மாதமாக ஒரு சேதியும் இல்லையாம்.

உயிரோடு இருக்கிறான், வியாழக்கிழமை என்னிடம் பேசினான், அடுத்த தடவை மூச்சு விடாமல் அவன் வாசிக்கும் முகவரியை எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் சொன்னேன்: "பிளஸ் போட்டு நம்பர் வந்தா எடுங்க, அக்கா. என்ன பேசுனாலும் வெச்சிராதீங்க."

அவள் கை என் கையிலிருந்து நழுவியது.

"ஐயோ தங்கச்சி," என்றாள். "முந்தாநாளுகூட ஒன்னு வந்துச்சே. நல்லா ஏசிட்டு வெச்சிட்டேனே."