கயிற்றின் கடைசி இடம்

09.06.2025 திங்கள்

மாதர் சங்கத்துக் கயிறிழுத்தலுக்கு எட்டுப் பேர் சேர்ந்தாயிற்று. பிரதேச விளையாட்டு விழா அடுத்த மாதம். எங்களைப் பழக்கச் சாரங்கா என்றொரு பிள்ளையைப் பிரதேச செயலகக் கந்தோரில் இருந்து அனுப்பியிருக்கிறார்கள். முன்பு பாரம் தூக்கிப் பதக்கம் எடுத்தவளாம்.

சண்டை முடிந்து மீளக் குடியேறின நாளில் இருந்து கயிற்றின் கடைசி இடம் என்னுடையது. கடைசி ஆள் சறுக்கினால் முழுப் பேரும் சறுக்கின மாதிரித்தான். இன்று பார்த்தால் அங்கே வேறொருத்தி போய் நிற்கிறா. ஆர்? என் மகன் தயாபரனின் மாமியார் விமலேஸ்வரி. மல்லாவியில் இருந்து மகளோடு இருக்க வந்து ஒரு வருசமில்லை, என் இடம் கேட்குது.

"சம்பந்தி, உங்களுக்கு வயசு போட்டுது. முன்னுக்கு நில்லுங்கோவன்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னா. தான் ஏதோ குமரி என்ற நினைப்பு.

இடத்தைப் பிறகு சொல்லுவாளாம் சாரங்கா. சொல்லட்டும்.

10.06.2025 செவ்வாய்

ஓய்வாம்! திங்களும் வெள்ளியும் பாரம் தூக்குவது, புதன் சுற்றுப் பயிற்சி, சனி ஞாயிறு நடை மட்டும். செவ்வாயும் வியாழனும் ஒன்றும் செய்யக்கூடாதாம். நாற்று நட்டு, சூடு அடித்து, மூட்டை காவிப் பிள்ளை வளர்த்தவள் நான். எந்தச் செவ்வாய்க்கிழமை ஓய்ந்தனான்?

பக்கத்து வளவில், மகன் வீட்டு முற்றத்தில், விமலேஸ்வரி சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறா. பெரிய மகாராணி. நான் நெல்லு மூட்டையைத் தோளில் வைத்துக் கிணற்றடிக்கும் கொட்டிலுக்குமாக நடந்தேன். வேலியால் நன்றாகப் பார்க்கட்டும்.

11.06.2025 புதன்

சுற்றுப் பயிற்சி. லொறி டயர் இழுக்க வேண்டும், இருந்து எழும்ப வேண்டும், மண் நிரப்பின பிளாஸ்டிக் கான்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒன்று முடிந்தவுடன் மற்றது, பிறகும் முதலில் இருந்து. எங்களோடு இழுக்கிற கைருன்னிஸா பாதியில் புல்லிலே மல்லாந்து, "என்னை இஞ்சயே அடக்குங்கோ" என்றா. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விமலேஸ்வரிக்கு முன்னம் முடித்தேன்.

12.06.2025 வியாழன்

மூட்டை.

17.06.2025 செவ்வாய்

மூட்டை. கொஞ்சம் நெல்லுக் கூடப் போட்டேன். தோள் குத்துகிறது. குத்தட்டும். நல்லெண்ணெய் பூசியிருக்கிறேன்.

20.06.2025 வெள்ளி

பேனை பிடிக்க ஏலாமல் இருக்கு. எண்டாலும் எழுதத்தான் வேணும்.

போன கிழமை தூக்கின அதே பாரம். இன்று முழங்கால் வரைக்கும் வந்து விழுந்துவிட்டது. ஏழு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காலையில் சீப்பெடுத்துத் தலை இழுக்கவே கை மேலே போகவில்லை, அதை ஆருக்குச் சொல்லுகிறது? எனக்குப் பிறகு வந்து விமலேஸ்வரி அதைவிடக் கூடத் தூக்கினா. கதிரையில் கிடந்தவ!

ஓய்வு நாளில் என்ன செய்கிறீர்கள் என்று சாரங்கா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உடனே விமலேஸ்வரி, "நெல்லு மூட்டை காவுறவா" என்று போட்டுக் குடுத்துவிட்டா. சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் நானும் நாலு வார்த்தை குடுத்திருப்பேன்.

"அம்மா, பாரம் தூக்கேக்க சதை கிழியுது. நீங்கள் சும்மா இருக்கேக்கதான் அது பொருந்தி உரமாகுது. நீங்கள் பொருந்த விடாமல் திருப்பித் திருப்பிக் கிழிக்கிறீங்கள்" என்றாள் சாரங்கா.

ஒரு கிழமைக்கு நான் எதையும் தொடக்கூடாதாம். கடைசி இடம் விமலேஸ்வரிக்காம்.

எனக்குச் சொல்லித் தர வந்திட்டாள். நான் அஞ்சாம் வகுப்புத்தான், ஆனா என்ர உடம்பு எனக்குத் தெரியாதோ? இனி அந்தப் பக்கம் காலும் வைக்கமாட்டன். அவளும் அவவும் சேந்து இழுக்கட்டும்.

21.06.2025 சனி

போகவில்லை.

24.06.2025 செவ்வாய்

மருமகள் பிரஷாந்தினி புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்தாள். தாய் தந்துவிட்டதாம். தொடவில்லை.

நான் இல்லாமல் கயிறு ஆடுகிறது என்று தாய் சொன்னதாம். ஆடட்டும். அறுந்து விழட்டும்.

— பிறகு சாப்பிட்டேன். உப்புக் கூடிப்போச்சு.

கை தலைக்கு எட்டுகிறது.

27.06.2025 வெள்ளி

போனேன். அவவுக்காக இல்லை.

அன்று விழுந்த பாரம் இன்று இடுப்பைத் தாண்டி வந்தது. இன்னும் கொஞ்சம் போடு என்றேன், அதுவும் வந்தது. ஒரு கிழமை சும்மா கிடந்தவளுக்கு எங்கிருந்து இந்தப் பலம்? சாரங்கா வாய் திறக்கவில்லை. கெட்டிக்காரி. "பாத்தீங்களோ" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் திரும்பி வந்திருப்பேன்.

என் இடத்தைக் கேட்டேன். தரவில்லை. விமலேஸ்வரியின் குதிக்கால் ஊன்றினால் அசையாதாம். நான் அவவுக்கு முன்னால் ஏழாவது. அந்த மூச்சைப் பிடரியில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

01.07.2025 செவ்வாய்

ஓய்வு. மா இடிக்கக் கூப்பிட்டாள் பிரஷாந்தினி. ஏலாது, ஓய்வு என்று சொல்லிப்போட்டுப் பாயை விரித்தேன். மத்தியானம் யன்னலால் பார்த்தேன். கதிரையில் கிடந்த விமலேஸ்வரிதான் முதலில் எழும்பினா. நான் திரும்பவும் படுத்தேன். கடைசி இடத்தைத்தானே பறித்தா, இதிலுமா விட்டுக்கொடுப்பேன்?

13.07.2025 ஞாயிறு

விழா. முதல் இழுவை தோற்றோம். இரண்டாவது எங்களுக்கு.

மூன்றாவதுக்கு முன் திரும்பிப் பார்த்தேன். கடைசி ஆளுக்குக் கயிறு கக்கத்துக்குக் கீழால் வந்து தோளுக்கு மேலால் போகும். விமலேஸ்வரியின் தோளில் சட்டை பிய்ந்து தோல் உரிந்து போயிருந்தது. எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறா. செத்தாலும் என்னிடம் சொல்லமாட்டா.

அவவுக்கு ஏலாது என்று சாரங்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைசி இடம் எனக்கு. வாய் வரைக்கும் வந்தது.

என் துவாயை மடித்து அந்தத் தோளில் வைத்தேன். அதற்கு மேலால் கயிற்றை எடுத்துப் போட்டேன்.

"இறுக்கிப் பிடியுங்கோ" என்றேன்.

"நீங்கள் சறுக்காமல் நில்லுங்கோ" என்றா.

சறுக்கவில்லை. நானும் இல்லை, அவாவும் இல்லை. வென்றுவிட்டோம். மாவட்டத்துக்குப் போகிறோம்.

15.07.2025 செவ்வாய்

ஓய்வு.

துவாய் இன்னும் திரும்பி வரவில்லை. புதுத் துவாய். அவா அப்படித்தான், வாங்கினால் தரத் தெரியாது. கேட்கப் போவதில்லை. மாவட்டப் போட்டி முடியுமட்டும் வைத்திருக்கட்டும்.