ஜெனியின் ஸ்பூனில் எடுத்த மண்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் ஒரகடத்தில் நகரவே இல்லை. குடையை லேபிலேயே விட்டிருக்கிறேன்.

ப-4, மண்ணிலிருந்து பிரித்து நான் வளர்க்கும் பாக்டீரியா, இந்த முறையும் ஏமாற்றிவிட்டது. தட்டு முழுக்கச் சோதனைக் கிருமி. ப-4 சாற்றில் நனைத்து வைத்த வட்டுகளைச் சுற்றி, கிருமி செத்த வளையம் ஒன்றுகூட விழவில்லை. அழகாக வளர்கிறது, மருந்து செய்வதை மட்டும் மறந்துவிட்டது.

ராஜன் சார்: "இன்னாம்மா, உன் செல்லம் சும்மா தின்னுகினே இருக்கு? அடுத்த புதன் வரைக்கும் பாரு. இல்லாட்டி ஆட்டோகிளேவ்ல போட்டு முடிச்சிடு."

அந்தக் கொதி நீராவியில் முடித்தால் முடிந்ததுதான். மே மாதம் ஃப்ரீசர் நின்றதில், ப-4ஐச் சேமித்து வைத்த பழைய குப்பிகள் எல்லாம் போயின.

ப-4 என்றால் படப்பை, நாலு பேர். லேபில் யாருக்கும் தெரியாது. போன் கம்பெனி அசெம்பிளி லைனில் வேலை செய்தபோது நாலு பேரும் இருந்த வாடகை அறை, அதன் பின்பக்க மண். எம்.எஸ்சி. சேர்ந்த வருடம், மழை விட்ட ஒரு காலை, அந்த நாலு பேரில் ஒருத்தியான ஜெனியின் ரசப்பொடி ஸ்பூனால் தோண்டினேன். "ஏட்டி, மண்ணையா திங்கப் போற?" என்று கத்தினாள்.

இன்று இரண்டு குடுவை. ஒன்று வழக்கம்போல. இன்னொன்றில் சர்க்கரை மிகக் குறைவு. வயிறு நிறைந்தால் இவை மருந்து செய்வதை நிறுத்திவிடும். தெரிந்த விஷயம்தான். ஆசையாக ஊட்டி ஊட்டி வளர்த்துவிட்டேன்.

நவ. 6, வியாழன்

வெயில். வாங்க: சோப்பு, கொசுவத்தி, ரீசார்ஜ்.

தூத்துக்குடியிலிருந்து ஜெனியின் வாய்ஸ் மெசேஜ். பின்னால் அவள் குழந்தையின் அழுகை. "பட்டினி போட்டா வேல வாங்குத? நம்ம சூப்பர்வைசர் தேவலட்டி! அது அப்படி என்னத்தத்தான் செய்யுது?"

அதற்கும் ஒரு லைன் உண்டு என்று பதில் போட்டேன். பெரிய நொதிகள், வரிசையாக ஏழு ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் ஒரு அமினோ அமிலம் சேரும். பொருள் லைனில் மாட்டியிருக்கும்போதே வேறு நொதிகள் வந்து அதன் பக்கக் கைகளைக் கோர்த்து இறுக்கும். தொளதொள சங்கிலி கிண்ணமாக வளையும். கிண்ணமானால்தான் கிருமிச் சுவரின் துண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; சுவர் கட்ட முடியாமல் கிருமி சாகும். பிறகு லைனிலிருந்து அறுத்து விடுவது, சர்க்கரை ஒட்டுவது.

"அப்ப நான் எந்த ஸ்டேஷன்?"

கோர்க்கிற இடம் என்றேன். போன் லைனில் என் பக்கத்து இடம் அவளுடையது. நான் ஒரு ஸ்க்ரூவைத் தவறவிட்டால் முழங்கையால் இடிப்பாள். மாதக் கடைசியில் காஸ் சிலிண்டர் தீர்ந்து நாலு பேரும் ஒரே தட்டில் பொரியும் வெங்காயமும். இப்போது தனி அறை, ஏசி. ஞாயிறு முழுக்க வாய் திறப்பதில்லை.

நவ. 9, ஞாயிறு

ஷேர் ஆட்டோவில் படப்பை. ப-4 போய்விட்டால் அந்த மண்ணில் மறுபடி தேடலாம் என்று ஒரு நினைப்பு. பையில் பாலிதீன் கவரும் அந்த ஸ்பூனும்.

வீட்டுக்கார ஆண்ட்டிக்கு என்னைப் பார்த்ததும் சிரிப்பு. "இன்னாம்மா இப்டி எளச்சிட்ட? மண்ணா? டைல்ஸ் போட்டாச்சிமா. சேறே கெடையாது, வந்து பாரு, வூடு எப்டி கீது!"

பார்த்தேன். பளபளவென்று இருந்தது. நாங்கள் துணி காயப்போட்ட கம்பி மட்டும் அப்படியே. யாரோ மூன்று பெண்களின் யூனிஃபார்ம் தொங்கியது.

காபி குடித்துவிட்டு வந்தேன். இனி அந்தச் சர்க்கரை குறைந்த குடுவை மட்டும்தான்.

நவ. 11, செவ்வாய்

விடாத மழை. இரண்டு குடுவையும் திறந்தேன். வழக்கமானது வெண்ணெய் மாதிரி திரண்டிருக்கிறது. பட்டினிக் குடுவை மெலிந்து, பழுப்பாக. அதில் மட்டும் மண் வாசனை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வாசனை மருந்தாகாது. வட்டுகள் வைத்தாயிற்று. சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவ. 12, புதன்

இன்க்யுபேட்டரை ராஜன் சார்தான் முதலில் திறந்தார். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எட்டிப் பார்த்தேன். கொழுத்த குடுவை: ஒன்றுமில்லை. பட்டினிக் குடுவை: வட்டைச் சுற்றி மெல்லிய, தெளிவான வளையம். பெரிய மூலக்கூறு, மெதுவாகத்தான் பரவும், வளையம் சின்னதாகத்தான் வரும்.

"குப்பில எடுத்து வைம்மா," என்றார். "ரெண்டு ஃப்ரீசர்லயும் வை."

ஜெனிக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே பதில்.

"வளையம்லாம் சரிதான். ஏட்டி, என் ஸ்பூன் எங்க?"

பையில்தான் இருக்கிறது. தர மாட்டேன் என்று அனுப்பினேன். வந்து வாங்கிக்கொள்.